ஏப்பத்தில் போகும் தீனி

பட்டாளத்திலிருந்து லீவில் சின்னாளப்பட்டிக்கு வரும் பையன்களிடம் லடாக் எப்படி என்று கேட்டால், முதலில் வருவது மூச்சுக் கதைதான். நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும், ராத்திரி தூக்கம் வராது, தலை இடிக்கும். கொஞ்சம் பழகினவர்கள் அடுத்ததாக வயிற்றுக் கதையும் சொல்வார்கள். பசியே எடுக்காது, இரண்டு சப்பாத்திக்கு மேல் இறங்காது, வயிறு எந்நேரமும் உப்பிக் கிடக்கும். இராணுவம் இவர்களை ஒரேயடியாக மேலே தூக்கிப் போடுவதும் இல்லை. 9,000 அடியில் 6 நாள், 12,000 அடியில் 4 நாள், 15,000 அடியில் இன்னும் 4 நாள் என்று நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றுகிறது.

இத்தனை பாடும் மனிதனுக்கு. அதே உயரத்தில், கூரை இல்லாத வெளியில், மைனஸ் 30 டிகிரி குளிரில் ஒரு யாக் நின்றுகொண்டு பனியை மூக்கால் விலக்கிக் காய்ந்த புல்லைக் கறம்பிக் கொண்டிருக்கும். நம் கோயில்களில் சுவாமிக்கு வீசும் வெண்சாமரம் அதன் வால் மயிர்தான். நம் ஊர்ப் பசுவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு குளிர்காலம் தாண்டுவதே சந்தேகம். இரண்டும் ஒரே இனக்குடும்பம், இரண்டும் புல் தின்பவை. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

மூச்சு பாதிக் கதை

நுரையீரல் பெரிசு, இதயம் பெரிசு என்பார்கள். உண்மைதான். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கும்போது மாட்டின் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். இறுகிய குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் ஓய்ந்து போகும். கடைசியில் கழுத்துக்குக் கீழே, தாடைக்கும் முன்னங்காலுக்கும் நடுவே நீர் கோத்துத் தொங்கும். அமெரிக்காவின் கொலராடோ மலைப் பண்ணைகளில் மாடுகள் இப்படிச் செத்ததை 1915-இலேயே கால்நடை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். யாக்கின் குழாய்ச் சுவர்கள் மெல்லியவை. அவை அப்படி இறுகுவதில்லை. 2012-இல் யாக்கின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தபோது, பிராணவாயுப் பற்றாக்குறையைச் சமாளிக்கும் மரபணுக்களில் இயற்கைத் தேர்வின் தடம் தெரிந்தது. அதே பட்டியலில், உண்ட உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலைக்கான மரபணுக்களும் இருந்தன.

அந்த இரண்டாவது செய்தியைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். நுரையீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அது கொண்டு வருவது காற்றை மட்டுமே. உடம்பு சூடாக இருக்க எரிபொருளும் வேண்டும். லடாக்கின் சாங்தாங் பகுதி 4,000 மீட்டருக்கு மேல் உள்ள மேட்டுநிலம். அங்கே புல் பச்சையாக இருப்பது வருஷத்தில் மூன்று நாலு மாதம்தான். மிச்ச நாளெல்லாம் சருகு. குளிர்காலம் முடிந்து வெளியே வரும் யாக் தன் எடையில் கால் பங்கு வரைகூட இழந்திருக்கும். அப்படி இழந்தும் சாகாமல் இருக்கிறதே, அதன் சூட்சுமம் வயிற்றில் இருக்கிறது.

கறிக்கடையில் ஒரு வயிறு

இதைப் புரிந்துகொள்ள இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, குடல் வாங்குகிறவர்கள் நிற்கும் நேரத்துக்குக் கறிக்கடைக்குப் போனால் போதும். ஆட்டின் வயிற்றை வெளியே எடுத்துக் கத்தியால் ஒரு கீறு கீறியதும் பச்சைக் கூழ் சரிந்து விழும். வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு புளித்த வாடை வரும். கூழில் அரைகுறையாக மென்ற வேலங்காயும் கருவேல இலையும் அடையாளம் தெரியும். கூழைக் கொட்டிவிட்டு அலசினால் உள்சுவர் துவாலைத் துண்டு மாதிரி பொசுபொசுவென்று இருக்கும். போட்டிக் குழம்பில் நாம் தின்பது அந்தத் துவாலையைத்தான்.

ஆடு, மாடு, யாக் எல்லாவற்றுக்கும் வயிறு நாலு அறை. அதில் முதலாவதும் பெரிதுமான இந்த அறையை 'அசைவயிறு' என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த மாட்டுக்கு இதுவே நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். இங்கே செரிமான நீர் எதுவும் சுரப்பதில்லை. புல்லின் நாரை உடைக்கும் திறன் மாட்டுக்குக் கிடையாது, ஆட்டுக்கும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது கூழுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு மில்லி லிட்டர் கூழில் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியா. மாட்டுக்கு நாம் புல் போடுவதாக நினைக்கிறோம். முதல் பந்தி இவற்றுக்கு.

இவை நாரைப் புளிக்க வைத்து, தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சில அமிலங்களாக வெளியேற்றுகின்றன. ஒன்று காடியில் புளிப்பு தரும் அதே அசிட்டிக் அமிலம். மற்ற முக்கியமானவை புரோப்பியோனிக், பியூட்டைரிக். மூன்றும் சின்ன மூலக்கூறுகள் என்பதால் 'குறுங்கொழுப்பு அமிலங்கள்' என்று ஒரே பெயரில் சொல்லலாம். உள்சுவரின் பொசுபொசுப்பு இவற்றை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. அசைபோடும் விலங்கு ஒன்றின் ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்து வருகிறது. அவை பாக்டீரியாவுக்குக் கழிவு, மாட்டுக்குச் சாப்பாடு.

மிஞ்சும் ஹைட்ரஜன்

நார் புளிக்கும்போது அமிலங்களோடு ஹைட்ரஜனும் வரும். இது தேங்கினால் புளிப்பு வேலையே நின்றுபோகும். எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். அசைவயிற்றில் இதற்கு இரண்டு பெரிய வழிகள் உள்ளன.

முதல் வழி மீத்தேன். இதைச் செய்பவை பாக்டீரியா அல்ல. பார்வைக்கு அவற்றைப் போலவே இருக்கும் ஆர்க்கியா என்னும் தனி வம்சம். அவை ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேன் ஆக்கும். மாடு அதை ஏப்பமாக விட்டுவிடும். சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதே வேலைதான், செய்வதும் இதே வம்சம்தான். கலனைத் தொடங்கும்போது சாணியைக் கரைத்து ஊற்றச் சொல்வது அதனால்தான். கலனிலிருந்து வரும் வாயுவில் அடுப்பு எரிகிறதல்லவா? அப்படியானால் ஏப்பத்திலும் எரிபொருள் வீணாகப் போகிறது என்று அர்த்தம். (மாட்டின் பின்பக்கம்தான் மீத்தேன் ஆலை என்று பலர் நினைக்கிறார்கள். மிகப் பெரும்பகுதி வாய் வழியாகத்தான் போகிறது.)

இரண்டாவது வழி, அதே ஹைட்ரஜனைப் புரோப்பியோனிக் அமிலத்துக்குள் கட்டிப் போடுவது. அந்த அமிலம் இரத்தத்தில் சேர்ந்து கல்லீரலுக்குப் போய்ச் சர்க்கரையாகும். ஹைட்ரஜனும் ஒழிந்தது, மாட்டுக்கும் ஆதாயம்.

எந்த வழி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதும், என்ன தீனி வருகிறது என்பதும். சருகும் வைக்கோலுமாகத் தின்றால் முதல் வழிதான் ஓங்கும். யாக் தின்பதும் சருகுதான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பசுவின் வரவு செலவு

நம் பக்கத்து நாட்டுப் பசு ஒன்று நாளைக்கு 6 கிலோ காய்ந்த தீனி தின்கிறது என்று வைப்போம். ஒரு கிலோவில் சுமார் 4,400 கிலோகலோரி ஆற்றல். மொத்தம் 26,000-க்குக் கொஞ்சம் மேல். இதில் சாதாரணமாக 6 சதவீதம் மீத்தேனாகப் போகும். தீனியைப் பொறுத்து இது 2 சதவீதமாகவும் இருக்கும், 12 வரைக்கும் ஏறும். 6 என்றே எடுத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,580 கிலோகலோரி ஏப்பத்தில் போச்சு. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு மனிதர் நாள் முழுக்கச் சாப்பிடுவதில் முக்கால் பங்கு அது.

சமவெளியில் இது பெரிய நஷ்டம் இல்லை. சோளத்தட்டை இன்னொரு கட்டு போட்டால் சரியாகிவிடும். குளிரும் கிடையாது. மேட்டுநிலத்தில் இன்னொரு கட்டு கிடையாது. அங்கே அந்த 1,580-இல் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தால் நாளைக்கு 520 கிலோகலோரி. 200 நாள் குளிர்காலத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். கிலோவுக்கு 9,000 என்று போட்டால் 11 கிலோ கொழுப்புக்குச் சமம். மூன்றில் ஒரு பங்கு என்பது கணக்கு விளங்குவதற்காக நானாக வைத்துக்கொண்டது. மிச்சமானது முழுசாக உடம்பில் சேரும் என்றும் இல்லை. ஆனாலும் பட்டினிக் காலத்தில் விலா எலும்பு துருத்தி நிற்கும் ஒரு விலங்குக்குச் சில கிலோ கொழுப்பு என்பது பங்குனி வரைக்கும் தாக்குப் பிடிப்பதா, மாசியிலேயே விழுவதா என்ற வித்தியாசம்.

2016-இல் தெரிந்தது

யாக் உண்மையில் இப்படி மிச்சம் பிடிக்கிறதா? 2016-இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் சீன ஆய்வாளர்கள் இதற்குப் பதில் வெளியிட்டார்கள். அவர்கள் யாக்கோடு நிறுத்தாமல் திபெத்தியச் செம்மறியையும் சேர்த்துக்கொண்டது புத்திசாலித்தனம். யாக்குக்கு எதிரே அதன் சமவெளி உறவான மாடு, திபெத்தியச் செம்மறிக்கு எதிரே சாதாரணச் செம்மறி. மலையில் வாழும் இரண்டுமே மீத்தேனைக் குறைவாக விட்டன, குறுங்கொழுப்பு அமிலங்களை அதிகமாக எடுத்தன. அசைவயிற்று நுண்ணுயிர்களின் மரபணுக்களைப் படித்தபோது, மலை விலங்குகளில் அமிலம் செய்யும் பாதைகள் ஓங்கியிருந்தன; மாட்டில் மீத்தேன் செய்யும் பாதைகள் ஓங்கியிருந்தன.

யாக்கும் செம்மறியும் நெருங்கிய உறவு கிடையாது. தனித்தனியே மலையேறியவை. இரண்டின் வயிற்றிலும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறது என்றால் அதைத் தற்செயல் என்று தள்ளுவது கஷ்டம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஆய்வின் இன்னொரு துண்டு. அந்தத் துவாலைச் சுவரையும் அவர்கள் பார்த்தார்கள். அமிலங்களை உறிஞ்சிக் கடத்தும் வேலைக்கான 36 மரபணுக்கள் மலை விலங்குகளில் கூடுதல் முனைப்போடு இயங்கின. உள்ளே குடியிருப்பவை அதிகம் விளைவித்தால் மட்டும் போதாது, வீட்டுக்காரர் அதை அள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். யாக்கின் உடம்பும் அதன் நுண்ணுயிர்களும் சேர்ந்தே மாறியிருக்கின்றன.

யூரியா வைத்தியம்

ஆற்றல் இருந்தாலும் புரதம் வேண்டுமே. சருகில் புரதம் சொற்பம். இதற்கும் வழி நுண்ணுயிர்களிடம்தான்.

வைக்கோலில் யூரியா கலந்து போடுவது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த வித்தை. நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூடி வைத்துப் பதப்படுத்தச் சொல்வார்கள் கால்நடைத் துறையினர். பாக்டீரியா யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கி, அதிலிருந்து தன் உடம்புப் புரதத்தைக் கட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் பாக்டீரியாவே நாலாவது வயிற்றுக்கு அடித்துச் செல்லப்பட்டுச் செரிமானமாகும். புல் தின்னும் பிராணி என்று நாம் சொல்லும் மாடு தன் புரதத்தில் பெரும்பங்கை இப்படி நுண்ணுயிரைத் தின்றே பெறுகிறது.

யாக்குக்கு யார் யூரியா தெளிப்பார்கள்? அது தன் உடம்பிலேயே உண்டாகும் யூரியாவைச் சிறுநீரில் விடாமல், எச்சில் வழியாகவும் இரத்தம் வழியாகவும் அசைவயிற்றுக்குத் திருப்பி அனுப்புகிறது. எல்லா அசைபோடும் விலங்கும் ஓரளவு செய்வதுதான் இது. புரதம் குறைந்த தீனியில் யாக் இதில் மாட்டை மிஞ்சுகிறது என்று திபெத்தியப் பீடபூமியில் நடந்த தீவன ஆய்வுகள் காட்டுகின்றன.

காற்றா, புல்லா?

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். அசைவயிற்றுக்குள் பிராணவாயு கிட்டத்தட்டக் கிடையாது, சின்னாளப்பட்டியானாலும் சரி, லடாக்கானாலும் சரி. காற்றே வேண்டாத உயிர்களுக்கு மலைக்காற்று மெலிந்தால் என்ன, தடித்தால் என்ன?

என் பார்வையில், மலை இந்த நுண்ணுயிர்களைத் தொடுவது பெரும்பாலும் காற்று வழியாக அல்ல, புல் வழியாகவும் குளிர் வழியாகவும்தான். அப்படியானால் சமவெளி மாட்டுக்கு மலைப்புல்லைப் போட்டால் அதன் வயிறும் யாக்கின் வயிறாகிவிடுமா? ஓரளவு நெருங்கும், தீனி மாறினால் நுண்ணுயிர்க் கூட்டம் மாறுவது தெரிந்த விஷயம். ஆனால் திபெத்தியப் பீடபூமியிலேயே வாழும் யாக்கையும் மாட்டையும் ஒப்பிட்டு 2012-இல் வந்த ஆய்வில், இரண்டின் மீத்தேன் ஆர்க்கியாக்களும் வகையில் வேறுபட்டிருந்தன. யாரைக் குடிவைப்பது என்பதில் வீட்டுக்காரருக்கும் ஒரு சொல் இருக்கிறது.

மனிதக் குடலில் கதை கொஞ்சம் வேறு. பெருங்குடல் சுவரை ஒட்டி இரத்தத்திலிருந்து சிறிது பிராணவாயு கசியும். அதை நம்பிச் சில பாக்டீரியா வாழும். மேற்கு வங்கத்தின் வித்யாசாகர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3,505 மீட்டர் உயரத்தில் சில நாள் தங்கியவர்களின் மலத்தை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். காற்றை விரும்பும் பாக்டீரியா சரிந்து, காற்றில்லாமல் வாழ்பவை பெருகியிருந்தன. லே நகரமும் அதே உயரம்தான். லீவில் வரும் பையன்கள் சொல்லும் வயிற்று உப்புசத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். முதல் காரணம் எளிது: வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் வாயு விரியும். கொடைக்கானல் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் அதே சங்கதி.

முயலின் பங்காளி

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் இருக்கிறது. மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் அங்கேதான். பாரத் மெரினோ செம்மறிகளைப் பார்க்கச் சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்துக் கொட்டகையில் முயல்களையும் பார்க்கலாம். உயரம் சுமார் 2,000 மீட்டர். நம் கதைக்கு அது குள்ளம். ஆனால் முயலின் ஒரு பழக்கம் நமக்கு வேண்டும். முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். ஒன்று நாம் கூட்டித் தள்ளும் காய்ந்த உருண்டை. இன்னொன்று மெத்தென்று, கொத்தாக வரும்; அதைக் கீழே விழவிடாமல் வாய் வைத்துத் தின்றுவிடும். முயலுக்கு நுண்ணுயிர்ப் பானை குடலின் கடைக்கோடியில் இருப்பதால், விளைந்த சத்தைப் பிடிக்க இன்னொரு சுற்று விட்டாக வேண்டியிருக்கிறது.

முயலின் பங்காளி பைக்கா. வாலில்லாத, உள்ளங்கையளவு பிராணி. திபெத்தியப் பீடபூமியில் யாக் மேயும் அதே வெளியில் வளை தோண்டி வாழ்கிறது. குளிர்காலத்தில் உறங்கிக் கிடப்பதில்லை. இவ்வளவு சின்ன உடம்பு மைனஸ் 30-இல் எப்படிச் சமாளிக்கிறது? ஆய்வாளர் ஜான் ஸ்பீக்மன் குழுவினர் 2021-இல் வெளியிட்ட விடை பலரை முகம் சுளிக்க வைத்தது. பைக்கா குளிர்காலத்தில் உடல் வெப்பத்தையும் நடமாட்டத்தையும் குறைத்து, தினசரி ஆற்றல் செலவை ஏறக்குறைய 30 சதவீதம் இறக்கிவிடுகிறது. அதற்குமேல், யாக் போட்ட சாணியைத் தின்கிறது. பைக்காவின் வயிற்றில் யாக்கின் டிஎன்ஏ கிடைத்தது. தின்பது வீடியோவிலும் பதிவானது.

யாக்கின் அசைவயிறு ஏற்கெனவே பாதி உடைத்துப் போட்ட நார் அது. தேடி அலைய வேண்டாம், வளைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். குளிர்காலத்தில் பைக்காவின் குடல் நுண்ணுயிர்க் கூட்டமும் யாக்கின் கூட்டத்தை நோக்கி நெருங்கியிருந்தது. யாக் அதிகமுள்ள இடங்களில் பைக்காவும் அதிகம். புல்லுக்குப் போட்டியாளி என்று சொல்லிச் சீனாவில் பல பத்தாண்டுகள் பைக்காவுக்கு விஷம் வைத்தார்கள். கோடையில் போட்டி இருக்கலாம். குளிர்காலத்தில் அது யாக்கின் தயவில் பிழைக்கிறது.

பனி மூடினால்

நுண்ணுயிரைக் கொண்டாடும்போது அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2018 டிசம்பரில் வட சிக்கிமில் கடும்பனி கொட்டி, மாதக்கணக்கில் புல்வெளியை மூடியது. முகுதாங், யும்தாங் பள்ளத்தாக்குகளில் குறைந்தது 300 யாக் பட்டினியால் செத்துக் கிடந்தது 2019 மே மாதம் வெளியே தெரிந்தது. இல்லாத புல்லை எந்த நுண்ணுயிரும் செரிக்க வைக்காது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த யாக் சுமார் 58,000தான். 2012-இல் 77,000 இருந்தன. அருணாச்சலப் பிரதேசத்தின் திராங்கில் 1989 முதல் இயங்கும் தேசிய யாக் ஆராய்ச்சி மையத்தின் முன்னால் உள்ள பெரிய வேலை, குளிர்காலத் தீனிக்கு வழி செய்வது.

யாக்கின் வித்தை சமவெளி மாட்டுக்கு வருமா என்ற கேள்விக்கும் இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு என்பதால் ஏப்பத்தைக் குறைக்க உலகம் முழுக்க முயல்கிறார்கள். யாக்கின் நுண்ணுயிரைக் கொண்டுவந்து பசுவின் வயிற்றில் குடியேற்றுவது அவ்வளவு சுலபமில்லை. புதிதாக வருபவற்றைப் பழைய குடிகள் நிலைக்க விடுவதில்லை. அதனால் பலரும் தீவனத்தில் கைவைக்கிறார்கள். பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் உருவாக்கிய 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கை, மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாக அறிவித்தார்கள். அதில் இருப்பது டானின், அதாவது ஆவாரம்பட்டையிலும் வேலம்பட்டையிலும் உள்ள துவர்ப்புச் சத்து. தோல் பதனிடும் திண்டுக்கல் ஷாப்புக்காரர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புளியங்கொட்டைத் தோலையும் இதற்காகப் பசுக்களுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அளவு கூடினால் தீனி செரிப்பதே மட்டுப்படும். எனவே எவ்வளவு, எந்தத் தீனியோடு என்பதில்தான் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது.